பேட்டர்சீ மின் நிலையம்: கரி எரித்த கட்டடத்தில் அலுவலகமும் கடையும் வீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் லண்டனின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போனது. 1983-ல் இயந்திரங்கள் நின்றன. 2022 அக்டோபரில் அதே கட்டடம் அலுவலகம், கடைகள், வீடுகள் எல்லாம் சேர்ந்த இடமாகத் திறந்தது. நடுவில் 39 ஆண்டுகள் போயின. லண்டனுக்குப் போய்ப் பார்த்தவர்கள் கேட்பதையும், தங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஆலையை நினைத்துக்கொண்டு சிலர் கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது ஒரே கட்டடமா? எப்போது கட்டினார்கள்?

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், இது பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டிய இரண்டு மின் நிலையங்கள். 'ஏ' நிலையத்தின் வேலை 1929-ல் தொடங்கியது. 1933-ல் மின்சாரம் வர ஆரம்பித்தது, 1935-ல் கட்டி முடிந்தது. 'பி' நிலையத்தை 1937-ல் தொடங்கினார்கள், நடுவில் உலகப்போர் வந்து இழுத்தடித்தது. நான்காவது புகைபோக்கி 1955-ல்தான் எழுந்தது. இன்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கும் அந்த நான்கு கால் உருவம் அதற்கு முன்னால் கிடையாது.

இதனால் உள்ளே இரண்டு காலங்கள் தெரியும். 'ஏ' பக்கம் 1930-களின் ஆடம்பரம்: பளிங்கு, அலங்காரத் தூண்கள், மெருகேற்றிய ஓடுகள். 'பி' பக்கம் போருக்குப் பிந்தைய சிக்கனம்: எஃகு, நேர்கோடுகள். கடைகளைப் பார்ப்பதற்கு முன் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஊருக்கு நடுவில் நிலக்கரி மின் நிலையம் கட்ட யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லையா?

நன்றாகவே சொன்னார்கள். ஆற்றின் மறுகரையில் கொஞ்ச தூரத்தில் நாடாளுமன்றம் இருக்கிறது. ஓவியக் கூடங்களும் பூங்காக்களும் பக்கத்திலேயே உண்டு. புகை எல்லாவற்றையும் அரித்துவிடும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அதற்கு மின் நிலையத்தைக் கட்டிய கம்பெனி இரண்டு வழி கண்டது. புகையைத் தண்ணீரால் கழுவி, அதிலுள்ள கந்தகத்தைப் பெருமளவு நீக்கிவிட்டு வெளியே விட்டார்கள். உலகில் இப்படிப் பெரிய அளவில் செய்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. புகைபோக்கிகளுக்குக் கீழே கோபுரம்போல் தெரியும் செங்கல் பகுதிகள் அந்தக் கழுவும் கூடங்கள்தான். கழுவிய நீர் தேம்ஸில் கலந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, வெளித்தோற்றத்தைச் சீர்செய்ய ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞரை அழைத்தது. லண்டனின் சிவப்பு டெலிபோன் பெட்டியை வடிவமைத்தவர் அவர்தான். லிவர்பூலின் ஆங்கிலிக்கன் பேராலயமும் அவருடையது. செங்கல் சுவர்களில் செங்குத்துக் கோடுகள், புகைபோக்கியைக் கிரேக்கத் தூண்போலக் காட்டும் நெடுக்குப் பள்ளங்கள் எல்லாம் அந்தச் சமாதானப்படுத்தும் முயற்சியிலிருந்து வந்தவை. மக்கள் சண்டை போட்டதால்தான் கட்டடம் இவ்வளவு அழகாக வந்தது என்று நான் நம்புகிறேன்.

நிலக்கரி எப்படி வந்தது?

பெரும்பாலும் கப்பலில். லண்டன் பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதற்காகவே மேல்தட்டைத் தாழ்வாக வைத்து, பாய்மரத்தையும் புகைக்குழாயையும் மடக்கும்படி செய்த தனி ரகக் கப்பல்கள் இருந்தன. கரையில் நின்ற பளுதூக்கிகள் கரியை இறக்கின. கரி எரிந்து மிஞ்சிய வெப்பமும் வீணாகவில்லை. 1950 முதல் அது சுடுநீராக, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே எதிர்க்கரைக்குப் போய் பிம்லிகோ பகுதியின் பொதுக் குடியிருப்புகளைச் சூடாக்கியது.

பிறகு ஏன் மூடினார்கள்?

வயதாகிவிட்டது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய பெரிய, புதிய நிலையங்கள் இதைவிடக் குறைந்த செலவில் மின்சாரம் கொடுத்தன. 'ஏ' 1975-லும், 'பி' 1983-லும் நின்றன.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே?

சட்டம் விடவில்லை. 'பி' நிலையம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1980-ல், கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இரண்டாம் தரத்தில் சேர்த்தார்கள். 2007-ல் அதை நட்சத்திரக் குறியுள்ள இரண்டாம் தரத்துக்கு உயர்த்தினார்கள். பட்டியலில் வந்துவிட்டால் இடிக்கவோ தோற்றத்தை மாற்றவோ தனி அனுமதி வேண்டும்.

ஆனால் பட்டியல் ஒரு கட்டடத்தை இடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். மழையை அதனால் தடுக்க முடியாது. பேட்டர்சீயின் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

39 ஆண்டுகள் ஏன் ஆனது? என்னதான் நடந்தது?

ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பெரிய படத்தோடு வந்து, பணம் தீர்ந்து கிளம்பினார்கள்.

முதலில் வந்தது பொழுதுபோக்குப் பூங்கா. ஆல்டன் டவர்ஸ் பூங்காவை நடத்திவந்த ஜான் புரூம் 1987-ல் 15 லட்சம் பவுண்டுக்கு இடத்தை வாங்கினார். இன்றைய லண்டனில் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல வீடுதான் கிடைக்கும். வேலைச் செலவு 3.5 கோடி பவுண்டில் ஆரம்பித்து 23 கோடி வரை போனது. 1989 மார்ச்சில் வேலை நின்றது. அதற்குள் உள்ளே இருந்த பெரிய இயந்திரங்களை வெளியே தூக்குவதற்காகக் கொதிகலன் கூடத்தின் கூரையைக் கழற்றிவிட்டார்கள். திரும்பப் போட யாரிடமும் பணம் இல்லை.

அன்றிலிருந்து கட்டடம் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த இரும்புச் சட்டம் ஆண்டுக்கணக்காக நனைந்தது, அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியது. பின்னால் வந்த எல்லாருடைய செலவையும் அந்த ஒரு முடிவு ஏற்றிவிட்டது. மூடியபோது நல்ல நிலையில் இருந்த கட்டடத்தைப் பாழாக்கியது அதன் வயது இல்லை, அரைகுறையாக நின்றுபோன வேலை.

1993-ல் பார்க்வியூ என்ற நிறுவனம் வாங்கியது. கடைகள், சினிமா, ஹோட்டல் என்று திட்டங்கள் வந்தன, போயின. 2006-ல் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு குழுமத்துக்கு 40 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. ரஃபேல் வின்யோலி என்ற கட்டடக் கலைஞர், 300 மீட்டர் உயரப் புதுப் புகைபோக்கியும் பிரமாண்டமான கூடாரமும் வைத்து முதலில் ஒரு திட்டம் வரைந்தார். அது கைவிடப்பட்டு, அடக்கமான இன்னொரு திட்டம் 2010-ல் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே கடன் கொடுத்தவர்கள் கணக்கைக் கேட்டார்கள், நிறுவனம் விழுந்தது. 2012-ல் விற்பனைக்கு வந்தபோது, செல்சீ கால்பந்துக் கழகம்கூட இங்கே மைதானம் கட்ட விலை பேசியது.

அதே ஊரில் இன்னொரு மின் நிலையம் சீக்கிரமே அருங்காட்சியகமாகிவிட்டதே?

பேங்க்சைடு மின் நிலையத்தைச் சொல்கிறீர்கள். அதையும் வடிவமைத்தவர் ஸ்காட்தான். 1981-ல் மூடி, 2000-ல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது, அதாவது 19 ஆண்டுகள். அங்கே ஒரே பயன், ஒரே நிறுவனம், பொதுப்பணமும் லாட்டரி நிதியும் இருந்தன. டர்பைன் கூடத்தை வெறுமையாகவே விட்டுவைக்க அவர்களால் முடிந்தது. பேட்டர்சீ அதைவிடப் பல மடங்கு பெரியது. சுற்றியுள்ள 42 ஏக்கர் நிலமும் சேர்ந்தே விலைக்கு வந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தை ஒரே பயனுக்குக் கொடுத்து யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஒரு பகுதியின் வாடகை இன்னொரு பகுதியைத் தாங்குகிறமாதிரி, பல பயன்களைக் கலந்ததால்தான் இது பிழைத்தது.

மலேசியப் பணம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2012-ல் எஸ்பி செத்தியா, சைம் டார்பி, மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியம் ஆகிய மூன்றும் சேர்ந்து 40 கோடி பவுண்டுக்கு வாங்கின. முதல் இரண்டுக்கும் 40 விழுக்காடு வீதம், சேமநிதி வாரியத்துக்கு 20. பிறகு 2019-ல், மின் நிலையக் கட்டடத்தின் வணிகப் பகுதியைச் சேமநிதி வாரியமும் இன்னொரு மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமும் சுமார் 158 கோடி பவுண்டுக்கு எடுத்துக்கொண்டன.

சேமநிதி என்பது மலேசியத் தொழிலாளர்களின் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் பணம். அங்குள்ள தமிழர்களின் ஓய்வூதியச் சேமிப்பும் அதில் உண்டு. சைம் டார்பி ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கிய குழுமம். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இந்தக் கட்டடத்தில் அலுவலகம் எடுத்திருக்கும் ஆப்பிள் கம்பெனி கட்டும் வாடகை கடைசியில் கோலாலம்பூரில் ஒருவருடைய சேமிப்புக் கணக்கைத் தொடுகிறது என்பதை லண்டன் வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை. நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உள்ளே எது எங்கே இருக்கிறது?

நடுவில் கொதிகலன் கூடம். அதில் மேலே அலுவலகம், கீழே பொதுமக்கள் நடமாடும் இடம். இரு பக்கமும் டர்பைன் கூடங்கள், அவற்றில் மூன்று அடுக்காகக் கடைகளும் உணவகங்களும். கட்டடத்தின் மேல்பகுதிகளில் 254 வீடுகள். இதுபோக, பெரிய கம்பெனிகள் தவிர மற்றவர்களும் மேசை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து வேலை செய்யும் பகுதி, நிகழ்ச்சிக் கூடம், சினிமா என்று இருக்கின்றன. இந்த மாற்றத்தை வடிவமைத்தது வில்கின்சன்அயர் என்ற நிறுவனம். மொத்தத் தளத்தின் திட்டம் வின்யோலியுடையது. 42 ஏக்கருக்கும் சேர்த்து 900 கோடி பவுண்ட் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

மின் நிலையத்துக்குச் சன்னலே கிடையாதே, அங்கே எப்படி மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்?

சரியான கேள்வி. தொழிற்சாலைக் கட்டடம் எதை மாற்றினாலும் முதலில் வந்து நிற்கும் சிக்கல் வெளிச்சம்தான். பருத்தி ஆலையாக இருந்தால் சன்னல்கள் இருக்கும், ஏனென்றால் நூல் அறுவதை ஆள் பார்க்க வேண்டும். கொதிகலனுக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆகவே செங்கல் கூட்டுக்குள் புது இரும்புச் சட்டத்தில் தளங்களை எழுப்பி, நடுவில் மேலிருந்து கீழ்வரை வெட்டவெளியாக ஒரு முற்றம் விட்டு, கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சத்தை இறக்கினார்கள். கூரை ஏற்கெனவே போயிருந்தது இந்த இடத்தில் மட்டும் வசதியாகிவிட்டது. அதற்காக 1989-ல் நடந்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆப்பிள் எதற்காக இங்கே வந்தது?

2016-ல் அறிவித்தார்கள்: ஆறு தளங்கள், சுமார் 5 லட்சம் சதுர அடி, லண்டனில் சிதறிக்கிடந்த 1,400 பேருக்கு ஒரே இடம். அவர்கள் பக்கக் காரணம் எதுவாக இருந்தாலும், கட்டடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது உயிர் கொடுத்த ஒப்பந்தம். இத்தனை பெரிய வாடகைதாரர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால்தான் வங்கி நம்பும், மற்ற கடைக்காரர்களும் வருவார்கள். முந்தைய முதலாளிகள் யாருக்கும் இப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

அந்த நான்கு புகைபோக்கிகளும் பழையவைதானா?

இல்லை. நான்கையும் பிரித்துப் போட்டு அதே அச்சில் திரும்பக் கட்டினார்கள். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புகைபோக்கிகள் கம்பி கட்டிய கான்கிரீட். புகையில் இருந்த கந்தகமும் லண்டன் ஈரமும் சேர்ந்து பல பத்தாண்டுகள் உள்ளே வேலை செய்தன. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே உள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கடலோரத்து வீடுகளின் கூரையில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிரித்துக் கட்ட 2005-லேயே அனுமதி கொடுத்தார்கள். ஆனால் பாரம்பரிய ஆர்வலர்கள் வேறு பொறியாளர்களை வைத்து ஆராய்ந்து, இருப்பதையே பழுதுபார்க்க முடியும் என்று வாதிட்டார்கள். அவர்களுடைய பெரிய பயம், ஒருமுறை கழற்றினால் இதுவும் கூரைமாதிரி ஆகிவிடும் என்பது. 1989-ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

2014-ல் வேலை தொடங்கியபோது அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுத்தார்கள். நான்கையும் ஒரேயடியாகப் பிரிக்கவில்லை. முதலில் ஒன்றை மட்டும் பிரித்து மேலே எழுப்பத் தொடங்கினார்கள், அது உருப்படியாக வருகிறது என்று தெரிந்தபின் மற்றவற்றைத் தொட்டார்கள். ஒவ்வொன்றும் 51 மீட்டர் உயரம். மேலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கினார்கள், உடைத்த துண்டுகள் புகைபோக்கியின் உள்வழியாகவே கீழே போயின. திரும்பக் கட்டும்போது 1930-களின் முறையையே பின்பற்றினார்கள்: வளையமாகச் சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டைக் கையால் ஊற்றி, இறுகியபின் சென்டரிங்கை மேலே ஏற்றி, அடுத்த வளையம். நான்குக்கும் சேர்த்துச் சுமார் 25,000 தள்ளுவண்டிக் கான்கிரீட் போனது என்கிறார்கள். 2017-ல் நான்கும் முடிந்தன.

இது போலியா என்றால், என் பதில் இல்லை. நம் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக் குடமுழுக்குக்கு முன் திரும்பச் செய்து வண்ணம் பூசும்போது, கோபுரம் போலியாகிவிட்டது என்று நாம் சொல்வதில்லை. அளவும் முறையும் உருவமும் அப்படியே இருக்கின்றன, பொருள்தான் புதிது. ஆனால் பழுதுபார்க்க முடிகிற ஒன்றைச் செலவு மிச்சம் என்று இடிப்பவர்களுக்கு இதை ஒரு சாக்காகக் கொடுத்துவிடக்கூடாது.

செங்கல்லும் புதிதா?

பெரும்பகுதி பழையது. உடைந்த, உதிர்ந்த இடங்களுக்கு ஏறத்தாழ 17.5 லட்சம் செங்கல் தேவைப்பட்டது. அவற்றை, முதலில் இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் கொடுத்த குளோஸ்டர்ஷயர், ஷ்ராப்ஷயர் சூளைகளிலேயே சொல்லிச் செய்தார்கள். அதே மண், அதே சுடும் முறை. நிறம் பொருந்தாத செங்கல்லை வைத்தால் சுவர் முழுக்க ஒட்டுப்போட்டமாதிரி தெரியும். ஆற்றோரம் நின்று சுவரைப் பாருங்கள், பழையது எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது சிரமம்.

கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி நிறைய பேசுகிறார்களே?

பேச வேண்டியதுதான். 'ஏ' கட்டுப்பாட்டு அறை 1930-களில் ஒரு மின்சாரக் கம்பெனி தன்னை எவ்வளவு உயர்வாக நினைத்துக்கொண்டது என்பதைக் காட்டும் அறை. சுவரெங்கும் பளிங்கு, தரையில் மரக்கட்டைப் பதிப்பு, மேலே கண்ணாடிக் கூரை. நீளவாக்கில் பலகைகள் நிறைய வட்ட மீட்டர்களும் பித்தளைக் கைப்பிடிகளும். ஒவ்வொரு கைப்பிடிக்கும் மேலே அது எந்தப் பகுதிக்கு மின்சாரம் விடுகிறது என்று பெயர் எழுதியிருக்கும், கார்னபி தெரு என்பதுபோல. ஒரு மனிதர் கையைத் திருப்பினால் ஒரு தெருவே விளக்கேறும். இப்போது இது நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடப்படுகிறது, எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள்.

'பி' அறை எஃகுப் பலகைகளோடு இன்னும் எளிமையானது. அதை மதுக்கூடமாக்கி, பழைய மேசைகளையும் மீட்டர்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இரண்டில் எது நல்ல மாற்றம் என்று கேட்டால், நான் 'பி' என்பேன். அழகு குறைவுதான், ஆனால் எந்த நாளும் கதவு திறந்திருக்கிறது.

போக்குவரத்துக்கு என்ன செய்தார்கள்?

இந்த இடத்துக்குப் பக்கத்தில் பாதாள ரயில் இல்லாததும் முந்தைய திட்டங்கள் தோற்றதற்கு ஒரு காரணம். கென்னிங்டனிலிருந்து பாதாள ரயிலின் 'நார்தர்ன்' தடத்தை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீட்டி, 2021 செப்டம்பரில் நைன் எல்ம்ஸ், பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் என்று இரண்டு நிலையங்கள் திறந்தார்கள். செலவு சுமார் 110 கோடி பவுண்ட், அதில் 27 கோடி போல இந்தத் திட்டத்தின் முதலாளிகள் கொடுத்தது. கட்டடம் திறப்பதற்கு ஓராண்டு முன்பே ரயில் வந்துவிட்டது. அலுவலகம் எடுப்பவர் முதலில் கேட்பது, ஆட்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்பதைத்தான்.

சாதாரண மக்களுக்கு அங்கே வீடு உண்டா?

எல்லோரும் கோபப்படும் கேள்வி இது. எனக்கும் கோபம் உண்டு.

மொத்தத் திட்டத்தில் 4,000-க்கு மேல் வீடுகள். அதில் 636 குறைந்த விலை, குறைந்த வாடகை வீடுகளாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள், அதாவது 15 விழுக்காடு. 2017-ல் செலவு கூடிவிட்டது, லாபம் குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி அதை 386 ஆகக் குறைக்க அனுமதி கேட்டார்கள், அந்தப் பகுதியின் உள்ளாட்சி கவுன்சில் கொடுத்தது. 9 விழுக்காட்டுக்கு இறங்கியது. விட்டுப்போன 250 வீடுகளைப் பிற்காலத்தில் லாபக் கணக்கைத் திரும்பப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள். அந்த 386 வீடுகளும் மின் நிலையத்துக்குள்ளோ ஆற்றோரத்திலோ இல்லை, தள்ளி வேறொரு மனையில் கட்டப்பட்டன.

பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்றச் செலவு அதிகம் என்பது பொய்யில்லை. புகைபோக்கி, செங்கல், ரயில் எல்லாம் பணம். ஆனால் செலவு கூடும்போதெல்லாம் குறைந்த வருமானக்காரர்களின் வீட்டிலேயே கைவைப்பது நியாயமில்லை. ஆரம்பத்தில் அனுமதி வாங்கும்போது எண்ணிக்கையைச் சொல்லித்தான் ஊர்க்காரர்களின் ஆதரவைப் பெறுகிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பிறகு பேரம் பேச முடியாதபடி எழுத்தில் இறுக்கியிருக்க வேண்டும்.

சுற்றிலும் கண்ணாடி அடுக்குமாடிகள் நின்று கட்டடத்தை மறைக்கவில்லையா?

மறைக்கின்றன. ரயிலில் போகும்போது முன்பு முழுசாகத் தெரிந்த உருவம் இப்போது இடுக்கு வழியாகத்தான் தெரிகிறது. நார்மன் ஃபாஸ்டர், ஃபிராங்க் கெரி நிறுவனங்களின் கட்டடங்கள் தெற்குப் பக்கத்தில் நெருங்கி நிற்கின்றன. அந்த வீடுகளை விற்ற பணம்தான் மின் நிலையத்தைப் பழுதுபார்த்தது என்பார்கள், அதுவும் சரிதான். ஆற்றுப் பக்கம் மட்டும் பூங்காவாக விட்டு வைத்ததால், எதிர்க்கரையிலிருந்து பார்வை கெடவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

எங்கள் ஊரில் மூடிய ஆலை ஒன்று இருக்கிறது. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

முதலில் கூரை. என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாகாவிட்டாலும், ஓடு மாற்றி, தகரம் போட்டு, மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்து, தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் செய்யும் அந்தச் சின்னச் செலவை நிறுத்தினால் பத்து வருடத்தில் கட்டடத்தையே இழக்க நேரும். இயந்திரத்தை எடுக்கச் சுவரையோ கூரையையோ உடைக்க வேண்டுமென்றால், திரும்ப மூடும் பணம் வங்கியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடையுங்கள்.

அப்புறம், ஒரேயடியாக முழுக் கட்டடத்தையும் திறக்க நினைக்காதீர்கள். பேட்டர்சீயிலேயே, மின் நிலையத்தை ஒட்டிய புதுக் குடியிருப்பு 2017-ல் திறந்து, கடைகளும் ஆட்களும் வந்துவிட்டார்கள். பெரிய கட்டடம் ஐந்து வருடம் கழித்துத்தான் திறந்தது. அதற்குள் மக்களுக்கு அந்தப் பக்கம் போகிற பழக்கம் வந்திருந்தது. ஓர் ஆலையில் ஒரு கிடங்கை மட்டும் சீர்செய்து, தையல் கூடமோ, அச்சகமோ, சின்னக் கம்பெனிகளுக்கு மேசையோ வாடகைக்குக் கொடுத்தால் அந்த வாடகை அடுத்த கிடங்குக்கு உதவும்.

தீயணைப்பு வழியை முதல் வரைபடத்திலேயே போடுங்கள். இயந்திரங்களுக்கும் சில டஜன் ஆட்களுக்கும் கட்டிய இடத்தில் ஆயிரம் பேர் வரப்போகிறார்கள். படிக்கட்டும் வெளிவழியும் அதற்குப் போதாது. பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் பழைய சுவரைத்தான் உடைக்க நேரும்.

அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள். எந்த மூலையில் தண்ணீர் ஊறும், எந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கியது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

போய்ப் பார்க்க டிக்கெட் வேண்டுமா?

கட்டடத்துக்குள் நடப்பதற்கு வேண்டாம். டர்பைன் கூடங்கள் இரண்டையும் இலவசமாகச் சுற்றலாம், கடையில் எதுவும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. டிக்கெட் உள்ளது 'லிஃப்ட் 109'-க்கு மட்டும். வடமேற்குப் புகைபோக்கிக்குள் ஏறி, 109 மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டாக வெளியே எட்டிப்பார்க்கும் லிஃப்ட் அது. பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் பாதாள ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. நேரம் இருந்தால் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போய் அங்கிருந்தும் ஒருமுறை பாருங்கள். முழு உருவமும் இன்று தெரிவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.